உங்களுக்குத் தெரியுமா? – ரஷ் லிம்பாவின் குரல் ஓய்ந்த பிறகு

செத்தவரைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் என்றால் அது சரி. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு மூன்று மணிநேரம் ஒரு நாட்டின் காதில் பேசிக்கொண்டே இருந்தவர் என்றால்? அமெரிக்க வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா, 2021 பிப்ரவரி 17 அன்று, 70 வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அவர் வளர்த்த அரசியல் அவரோடு போகவில்லை. அதனால் பேசித்தான் ஆக வேண்டும்.

● அவருடைய இறப்புச் சான்றிதழில் 'தொழில்' என்ற இடத்தில் எழுதப்பட்டிருந்தது: 'எல்லாக் காலத்திலும் மிகச் சிறந்த வானொலித் தொகுப்பாளர்'. கேட்டவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இதை மறுப்பது கடினம். உச்சத்தில் 600க்கும் மேற்பட்ட நிலையங்கள் அவர் நிகழ்ச்சியை ஒலிபரப்பின. 2008இல் அவர் போட்ட எட்டு ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 40 கோடி டாலர். அத்தனை பேர் கேட்டு எதைப் பழகிக்கொண்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

● லிம்பா குடும்பம் வழக்கறிஞர் குடும்பம். மிசௌரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் கேப் ஜிரார்டோ என்ற ஊரில் ரஷ் 1951இல் பிறந்தார். அந்த ஊரின் கூட்டாட்சி நீதிமன்றக் கட்டடத்துக்கு இன்றும் அவருடைய தாத்தாவின் பெயர்தான். ரஷ் மட்டும் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு மைக்கின் முன் போய் உட்கார்ந்தார்.

● முதல் வேலை 16 வயதில், அப்பாவுக்குப் பங்கிருந்த உள்ளூர் நிலையத்தில். பிறகு 'ஜெஃப் கிறிஸ்டி' என்ற பெயரில் பாட்டுப் போடும் வேலை. பல நிலையங்கள் அவரை வேலையைவிட்டு நீக்கின. ஒருகட்டத்தில் வானொலியே வேண்டாமென்று கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் என்ற பேஸ்பால் அணியின் விளம்பரப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். விழுந்து எழுந்தவர் என்பதை மறுப்பதற்கில்லை. விழுந்தவர்களின் வலி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்னால் அவர் பேசியதைக் கேட்கும்போது எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான்.

● 1984இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் ஒரு நிலையம் அவருக்கு இடம் கொடுத்தது. அந்த இடம் காலியானதற்குக் காரணம், அதற்கு முன்பிருந்த மார்ட்டன் டௌனி சீனர்களை இழிவுபடுத்தும் சொல்லை வைத்து ஒரு நகைச்சுவை சொன்னதுதான். மன்னிப்புக் கேட்க மறுத்தார், வேலை போயிற்று. ஒரே ஒரு இழிசொல்லுக்காக ஒருவரை அனுப்பிவைக்கும் நிலையங்கள் அன்று இருந்தன.

● அமெரிக்க வானொலிக்கு 1949 முதல் ஒரு விதி இருந்தது: 'நியாயக் கோட்பாடு'. அலைவரிசை பொதுச்சொத்து. அதை உரிமம் பெற்று நடத்துகிறவர் பொதுமக்களைப் பாதிக்கும் சர்ச்சைகளைப் பேச வேண்டும். பேசும்போது மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும். நொடிக்கு நொடி சமநேரம் என்று அது கேட்கவில்லை. ஒரே குரல் நாள் முழுக்க ஒலிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். ரீகன் ஆட்சியில், 1987 ஆகஸ்டில், தகவல் தொடர்பு ஆணையம் அந்த விதியைக் கைவிட்டது. அதைச் சட்டமாக்கிக் காப்பாற்ற நாடாளுமன்றம் முயன்றபோது ரீகன் தன் அதிகாரத்தால் தடுத்திருந்தார். விதி போன மறு ஆண்டு, 1988 ஆகஸ்ட் 1 அன்று, லிம்பாவின் நாடுதழுவிய நிகழ்ச்சி தொடங்கியது. தொடக்கத்தில் 56 நிலையங்கள்.

லிம்பாவின் நாவன்மையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் இந்த ஒற்றை விதியைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியிருக்க வேண்டும். கதவு திறந்திருந்ததால்தான் உள்ளே வந்தார்.

● அந்த விதிக்கு மீண்டும் உயிர்கொடுக்க 1993இல் ஒரு முயற்சி நடந்தது. எதிர்ப்பாளர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஹஷ் ரஷ்' மசோதா, அதாவது ரஷ்ஷின் வாயை அடைக்கும் மசோதா. ஒரு பொதுவிதியை ஒரு தனிமனிதருக்கு எதிரான சதியாக மாற்றிக் காட்டியதும் முயற்சி படுத்துவிட்டது.

● ஏன் வானொலி? அதிலும் ஏன் ஏ.எம்.? 1970களின் இறுதிக்குள் பாட்டு பெருமளவு துல்லியமான எஃப்.எம்.முக்குக் குடிபெயர்ந்துவிட்டது. கரகரக்கும் ஏ.எம். நிலையங்களின் முதலாளிகள் எதைப் போட்டு நேரத்தை நிரப்புவது என்று தவித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சுக்குத் துல்லியம் தேவையில்லை. ஏ.பி.சி. வானொலியின் தலைவராக இருந்த எட் மெக்லாஃப்லின் இந்தத் தவிப்பைப் பயன்படுத்திக்கொண்டார். நிகழ்ச்சியை நிலையங்களுக்குப் பணம் வாங்காமல் கொடுத்தார். பதிலுக்கு ஒவ்வொரு மணிநேரத்திலும் சில விளம்பர நிமிடங்களைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். சிற்றூர் நிலையத்துக்குச் செலவில்லாமல் நியூயார்க்கிலிருந்து மூன்று மணிநேரம் கிடைத்தது. அதுவரை அந்த நேரத்தில் உள்ளூர்ச் செய்தியும் விவசாயிகளுக்கான தகவலும் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் வெளியே போனார்கள். லிம்பாவால் வேலையிழந்த அந்த உள்ளூர்க் குரல்களுக்கு எந்தப் பதக்கமும் இல்லை, எந்த நினைவுக்கூட்டமும் இல்லை.

● 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுக்க எத்தனை வானொலி நிலையங்களை வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பை நீக்கியது. அதற்கு முன் 40 என்றிருந்தது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனம் சுமார் 1,200 நிலையங்களைக் கையில் வைத்திருந்தது. லிம்பாவின் நிகழ்ச்சியும் அதே நிறுவனத்திடம்தான் போய்ச் சேர்ந்தது.

● தன்னை 'ஒலிபரப்பில் சிறப்பு' என்ற பொருளில் 'இ.ஐ.பி. நெட்வொர்க்' என்று அறிவித்துக்கொள்வார். தன் மைக்கைத் 'தங்க மைக்' என்பார். இ.ஐ.பி. என்று தனியே ஒரு நெட்வொர்க் இருந்ததில்லை. அவரேதான் அது.

● 'டிட்டோ' என்றால் 'மேலே சொன்னதேதான்'. தொலைபேசியில் வருகிறவர்கள் நிகழ்ச்சியைப் புகழ்ந்து நேரம் போக்காமல் இருக்க 'டிட்டோ' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. விசிறிகளுக்கே 'டிட்டோஹெட்' என்று பெயர் நிலைத்தது. விருந்தினர்களை அவர் அபூர்வமாகத்தான் அழைத்தார். தொலைபேசி அழைப்பின் நோக்கமே தொகுப்பாளரைச் சிறப்பாகக் காட்டுவதுதான் என்று வெளிப்படையாகச் சொன்னார். எதிர்த்துப் பேசும் குரல் எதிரே இல்லாமல் மூன்று மணிநேரம் பேசுவதை விவாதம் என்று ஒரு தலைமுறையே நம்பியது.

● 1990களின் தொடக்கத்தில் பல உணவகங்கள் மதிய வேளையில் 'ரஷ் ரூம்' என்று தனி அறை ஒதுக்கின. சாப்பிட்டபடியே கூட்டமாக உட்கார்ந்து கேட்கலாம்.

● இனிச் சொல்லப்போவதை எழுதவே கை கூசுகிறது. எய்ட்ஸ் நோய் உச்சத்தில் இருந்து, இளைஞர்கள் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்த காலத்தில், லிம்பா தன் நிகழ்ச்சியில் 'எய்ட்ஸ் அப்டேட்' என்று ஒரு பகுதி நடத்தினார். தற்பாலின ஆண்களின் சாவுச் செய்திக்கு டியான் வார்விக்கின் காதல் பாட்டைப் பின்னணியாகப் போட்டுக் கேலி செய்தார். எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்தினார். அதைச் செய்ததற்காக வருந்துவதாகப் பின்னர் சொன்னார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பகுதி ஒலித்த நாட்களில், ஏதோ ஒரு வீட்டில் மகனைப் பறிகொடுத்த தாய் வானொலியைத் திருகியிருப்பாளே. வருத்தம் அவளிடம் போய்ச் சேர்ந்ததா?

● அதே லிம்பா 2010இல் நான்காம் முறை திருமணம் செய்துகொண்டபோது, விருந்தில் பாடியவர் எல்டன் ஜான். தற்பாலின ஈர்ப்புள்ளவர் என்று தன்னை அறிவித்துக்கொண்டவர். 1992 முதல் எய்ட்ஸ் ஒழிப்பு அறக்கட்டளை நடத்துகிறவர்.

● 1995 ஆகஸ்டில் இசைக்கலைஞர் ஜெர்ரி கார்சியா இறந்தார். போதையால் வாழ்வை அழித்துக்கொண்ட ஒருவரைத் தெய்வம்போலக் கொண்டாடுவது நாட்டின் மதிப்பீடுகள் குலைந்திருப்பதைக் காட்டுகிறது என்று லிம்பா கண்டித்தார். இறந்தவரைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்ற வழக்கத்தை அவர் கடைப்பிடித்ததில்லை. இரண்டு மாதம் கழித்து, போதைப்பொருள் எடுப்பவர்களைத் தேடிப் பிடித்துத் தண்டித்துச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

அவரே முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வலி மாத்திரைகளுக்கு அடிமையாகியிருந்தார் என்பது 2003 அக்டோபரில் அவர் வாயாலேயே தெரியவந்தது. சிகிச்சைக்குப் போனார். ஒரு மருத்துவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் அதே மாத்திரைக்குச் சீட்டு வாங்கியதாக ஃபுளோரிடாவில் வழக்கு. 2006 ஏப்ரலில் உடன்பாடு: விசாரணைச் செலவுக்கு 30,000 டாலர், கண்காணிப்புக்கு மாதம் 30 டாலர், 18 மாதம் சிகிச்சையைத் தொடர வேண்டும், பிறகு குற்றச்சாட்டு கைவிடப்படும். சிறை இல்லை.

இது தவறு என்று நான் சொல்லவில்லை. போதைக்கு அடிமையானவருக்குச் சிகிச்சைதான் தேவை, சிறை அல்ல. லிம்பாவுக்குக் கிடைத்தது சரியான நீதி. அந்த நீதியைத்தான் அவர் மற்றவர்களுக்கு மறுத்தார். அதே ஆண்டுகளில் நல்ல வழக்கறிஞரை அமர்த்த வழியில்லாமல் எத்தனையோ ஏழைகள் அதே நோய்க்காகச் சிறைக்குப் போனார்கள்.

● அந்த வழக்கில் அவருடைய மருத்துவக் கோப்புகளை அரசு கைப்பற்றியது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று அவருக்கு ஆதரவாக நீதிமன்றம் போன அமைப்பு எது தெரியுமா? அவர் ஆண்டுக்கணக்கில் திட்டித் தீர்த்த அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கமான ஏ.சி.எல்.யூ. உரிமை என்றால் பகைவனுக்கும் உண்டு என்று செயலில் காட்டினார்கள்.

● 2001இல் அவருக்குக் காது கேட்காமல் போனது. உடலின் எதிர்ப்புச் சக்தியே உட்காதைத் தாக்கும் நோய்; சில மாதங்களில் கிட்டத்தட்ட முழுச் செவிடு. நேயர்களுக்கு அக்டோபரில் அறிவித்தார். ஆனால் நிகழ்ச்சி நிற்கவில்லை. தொலைபேசியில் பேசுகிறவர் சொல்வதை உதவியாளர்கள் அப்படியே தட்டச்சு செய்ய, அது திரையில் ஓட, லிம்பா படித்துப் பதில் சொன்னார். தன் குரலே தனக்குக் கேட்காத நிலையில் ஏற்ற இறக்கத்தைத் தொண்டையின் பழக்கத்தால் மட்டும் காப்பாற்றினார். டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் காக்ளியர் கருவி பொருத்தினார்கள். ஓரளவு கேட்டது; பாட்டு மட்டும் பழைய நினைவிலிருந்தே ஒலித்தது என்பார். தொழில்மேல் அவருக்கிருந்த பிடிப்புக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இதை வாசித்தபோது எனக்கு அவர்மேல் உண்மையான மதிப்பு வந்தது.

● அதனால்தான் அடுத்தது இன்னும் வலிக்கிறது. உடல் குறைபாட்டோடு வாழ்வது என்னவென்று தெரிந்துகொண்ட ஐந்தே ஆண்டுகளில், 2006 அக்டோபரில், பார்க்கின்சன் நோயால் அவதிப்பட்ட நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸைக் கேலி செய்தார். ஸ்டெம் செல் ஆய்வை ஆதரித்த மிசௌரி வேட்பாளருக்காக ஃபாக்ஸ் ஒரு தேர்தல் விளம்பரத்தில் தோன்றினார். பேசும்போது உடல் ஆடியது. மாத்திரை சாப்பிடாமல் வந்திருக்கிறார், அல்லது நடிக்கிறார் என்றார் லிம்பா. அரங்கத்துக் கேமராவின் முன் தன் உடலை அப்படியே ஆட்டியும் காட்டினார். அந்த ஆட்டம் மாத்திரையை விட்டதால் வருவதல்ல, மாத்திரையின் பக்கவிளைவாகவே வருவது.

● 1994 தேர்தலில் குடியரசுக் கட்சி நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு பிரதிநிதிகள் சபையைப் பிடித்தது. புதிதாக வென்றவர்கள் லிம்பாவைத் தங்கள் அணியின் கௌரவ உறுப்பினராக்கினார்கள். ஒரு ஓட்டுக்கூட வாங்காதவர்.

● அந்த உறவின் இன்னொரு பக்கம் 2009இல் தெரிந்தது. ஜார்ஜியாவைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஃபில் கிங்ரி, பின்னாலிருந்து கல்லெறிவது எளிது என்று லிம்பாவைப் பற்றி லேசாகக் குறை சொன்னார். மறுநாளே அதே நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் வந்து மன்னிப்புக் கேட்டார். ஒரு மாதம் கழித்து, கட்சியின் தேசியத் தலைவர் மைக்கேல் ஸ்டீல் அந்த நிகழ்ச்சி பொழுதுபோக்குதான், சில நேரம் அசிங்கமாகவும் இருக்கிறது என்றார். இரண்டே நாளில் அவரும் மன்னிப்புக் கேட்டார். 2012இல் பழமைவாதக் கட்டுரையாளர் ஜார்ஜ் வில், ஈரானோடு போருக்குப் போகத் தயாராக இருக்கும் கட்சி லிம்பாவைக் கண்டு பயப்படுகிறது என்று சொன்னார். கட்சித் தலைவரை மிரட்டும் வானொலிக்காரர் என்ற வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் லிம்பா. இன்று பல பேர் அதே சாட்டையைச் சுழற்றுகிறார்கள்.

● ஜார்ஜ் வில் அப்படிச் சொல்லக் காரணம் ஒரு மாணவி. கருத்தடை மருந்துக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் சாட்சி சொன்னவர் ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரி மாணவி சாண்ட்ரா ஃப்ளூக். சினைப்பைக் கட்டிச் சிகிச்சைக்கு அந்த மருந்து கிடைக்காமல் அவதிப்பட்ட தோழியின் கதையையும் சொன்னார். லிம்பா அவரை வேசி என்று வானொலியில் அழைத்தார். ஒரு நாள் அல்ல, மூன்று நாள் அதையே தொடர்ந்தார். விளம்பரதாரர்கள் கழன்றுகொள்ளத் தொடங்கிய பிறகு, மார்ச் 3 அன்று மன்னிப்பு வந்தது. மேலே சொன்ன கட்சித் தலைவர்கள் அவரிடம் எவ்வளவு விரைந்து மன்னிப்புக் கேட்டார்கள் என்பதையும், அவர் ஒரு பெண்ணிடம் எப்போது கேட்டார் என்பதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

● அந்தச் சம்பவம் நடந்து பத்து வாரத்தில், மிசௌரி சட்டமன்றக் கட்டடத்தில் 'புகழ்பெற்ற மிசௌரியர்' வரிசையில் லிம்பாவின் மார்பளவுச் சிலையை வைத்தார்கள். அழைப்பு பெற்றவர்கள் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு. பிறகு அந்தச் சிலையைப் பாதுகாக்கத் தனிக் கேமராவும் வைக்க வேண்டிவந்தது. அதே ஆண்டு, அதே சிற்பியின் கையால் அதே வரிசைக்கு வந்த இன்னொருவர் ட்ரெட் ஸ்காட்: விடுதலை கேட்டு 19ஆம் நூற்றாண்டில் நீதிமன்றப் படியேறிய அடிமை.

● விமர்சகர்களும் குற்றமற்றவர்கள் அல்ல. 2009இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியை வாங்கும் குழுவில் லிம்பா இருந்தபோது, அடிமைமுறையைப் புகழ்ந்து அவர் பேசியதாக ஒரு மேற்கோள் ஊடகங்களில் சுற்றியது. அவர் அப்படிப் பேசியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. குழு அவரைக் கழற்றிவிட்டது. அவர் உண்மையாகவே பேசியது ஒலிநாடாவில் மலைபோல் குவிந்திருக்கும்போது, பேசாததை அவர் வாயில் திணிப்பது உண்மைக்குச் செய்த துரோகம். அவரும் பிறரைப் பற்றி அதைத்தான் செய்தார் என்பது சமாதானமாகாது.

● 2011 அக்டோபரில் ஒபாமா 100 ராணுவ வீரர்களை மத்திய ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார். ஜோசஃப் கோனியின் 'கடவுளின் எதிர்ப்புப் படை'யைப் பிடிக்க உதவுவதற்காக. குழந்தைகளைக் கடத்தி ஆயுதம் ஏந்த வைத்த கொடூரப் படை அது. பெயரில் கடவுள் இருப்பதைப் பார்த்த லிம்பா, சூடானில் முஸ்லிம்களோடு போராடும் கிறிஸ்தவர்களைக் கொல்ல ஒபாமா படை அனுப்புகிறார் என்று முழங்கினார். நிகழ்ச்சி முடிவதற்குள் உண்மை காதில் விழ, விசாரித்துப் பார்க்கிறோம் என்றார். விசாரித்த பிறகு பேசியிருக்க வேண்டும். மைக்குக்கு முன் மூன்று மணிநேரத்தை நிரப்ப வேண்டியவருக்கு விசாரிக்க நேரமில்லை. இந்த அவசரமும் அவர் விட்டுச்சென்ற சொத்துதான்.

● 2017 செப்டம்பர் 5: இர்மா புயல் பற்றிய எச்சரிக்கைகளின் பின்னால் வியாபார நோக்கமும் பருவநிலை மாற்றப் பிரசாரமும் இருக்கின்றன என்றார். அந்த வாரம் முடிவதற்குள் ஃபுளோரிடாவின் பாம் பீச் வீட்டைவிட்டு வெளியேறினார். வெளியேற வசதியற்ற நேயர்களும் அந்தக் கடற்கரையில் இருந்தார்கள்.

● சுருட்டு அவருடைய அடையாளங்களில் ஒன்று. புகைபிடிப்பவர் விடும் புகையால் பக்கத்திலிருப்பவருக்குக் கேடு என்பதை அவர் ஏற்கவில்லை. 2015இல், புகையிலை வரி குழந்தைகளின் மருத்துவத் திட்டத்துக்குப் போவதால் புகைப்பவர்களுக்கு நாடு நன்றி சொல்ல வேண்டும் என்றார். 2020 பிப்ரவரி 3 அன்று, முற்றிய நுரையீரல் புற்றுநோய் இருப்பதாக அறிவித்தார். அந்த நோய்க்காக அவரை யாரும் கேலி செய்யக் கூடாது. அன்று சிலர் செய்தார்கள். அவருடைய மிக மோசமான பழக்கத்தை அவருடைய எதிரிகளும் கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு அதுவே அடையாளம்.

● மறுநாள் நாடாளுமன்றத்தில் ட்ரம்ப் உரையாற்றும்போது லிம்பாவுக்கு அதிபரின் சுதந்திரப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. மெலனியா ட்ரம்ப் கழுத்தில் அணிவித்தார். அன்று தேதி பிப்ரவரி 4. பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸின் பிறந்தநாள். 1996இல் அவர் பெற்றதும் இதே பதக்கம்.

● மூன்றே வாரம் கழித்து, பிப்ரவரி 24: கொரோனா வைரஸ் சாதாரணச் சளிதான், ட்ரம்ப்பை வீழ்த்தப் பயன்படுத்துகிறார்கள் என்றார். நுரையீரல் நோயாளியான அவரைவிட அதிக ஆபத்தில் இருந்தவர்கள் குறைவு. அவர் இறந்து ஆறு மாதத்தில், 2021 ஆகஸ்டில், அவர் போட்ட பாதையில் நடந்த உள்ளூர் வலதுசாரி வானொலிப் பேச்சாளர்கள் அடுத்தடுத்து கொரோனாவுக்குப் பலியானார்கள்: நாஷ்வில்லின் ஃபில் வாலன்டைன், டேட்டோனா பீச்சின் மார்க் பெர்னியர், ஃபுளோரிடாவின் இன்னொரு பேச்சாளர் டிக் ஃபாரல். மூவரும் தடுப்பூசியைப் பற்றி ஐயம் கிளப்பியவர்கள். தடுப்பூசிக்கு ஆதரவாக இன்னும் உரக்கப் பேசாததற்கு வாலன்டைன் வருந்துவதாக அவர் குடும்பம், அவர் மருத்துவமனையில் இருந்தபோதே அறிவித்தது. இந்தச் சாவுகளில் எனக்கு வெற்றிக் களிப்பு எதுவும் இல்லை. தாங்கள் பேசியதைத் தாங்களே நம்பியவர்கள் அவர்கள்.

● நல்லதும் செய்தார். ரத்தப் புற்றுநோய்க்கான அமைப்புக்கு ஆண்டுதோறும் வானொலி வழியே நிதி திரட்டினார். 2007இல் அவரைக் கண்டித்து 41 ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் எழுதிய கடிதத்தையே இணையத்தில் ஏலம் விட்டார். 21 லட்சம் டாலருக்குப் போனது. தன் பங்காக அதே தொகையைச் சேர்த்து, பணியில் இறந்த மரீன் வீரர்கள், காவலர்களின் பிள்ளைகள் படிக்கும் நிதிக்குக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகளுக்கு அது சின்ன விஷயமல்ல.

● நிகழ்ச்சியின் தொடக்க இசை, பிரிடெண்டர்ஸ் குழுவின் கிறிஸ்ஸி ஹைண்ட் எழுதிய பாட்டிலிருந்து எடுத்தது. அவர் விலங்குரிமைப் போராளி. அனுமதிக்கு ஈடாக லிம்பா கொடுத்த பணம் 'பீட்டா' அமைப்புக்குப் போனது.

● 2013 முதல் குழந்தைகளுக்கு வரலாற்றுக் கதைகளும் எழுதினார். பேசும் குதிரையோடு காலப்பயணம் போகும் ஆசிரியரின் கதை. நன்றாக விற்றது.

● 2021 ஜனவரி 6 அன்று ட்ரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். மறுநாள் நிகழ்ச்சியில், எந்தச் சூழலிலும் வன்முறை கூடாது என்று சொல்கிறவர்களை லிம்பா குறிப்பிட்டார். அமெரிக்க விடுதலைப் போராட்டத்தின் சாமுவேல் ஆடம்ஸும் தாமஸ் பெய்னும், லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் போரிட்டவர்களும் அப்படி நினைக்காதது நல்லதாயிற்று என்றார். சாவு நெருங்கியது தெரிந்த ஒரு மனிதர், தன் சொல்லுக்கு இருந்த எடையையும் தெரிந்தவர், நாட்டின் மிக ஆபத்தான வாரத்தில் இதைச் சொல்லத் தேர்ந்தெடுத்தார். அவருடைய மற்றப் பேச்சுகளை வாய்தவறியவை என்று மன்னித்தாலும், இதை என்னால் முடியவில்லை. அவர் கடைசியாக மைக்கின் முன் உட்கார்ந்தது பிப்ரவரி 2.

● இறப்புச் செய்தியை அவருடைய நிகழ்ச்சி நேரத்திலேயே மனைவி கேத்ரின் அறிவித்தார். ஃபுளோரிடா ஆளுநர் கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிடச் சொன்னார். மாநில வேளாண்மை ஆணையர் நிக்கி ஃபிரீட் தன் அலுவலகங்களில் அதைச் செய்ய மாட்டேன் என்றார். லிம்பா செயின்ட் லூயிஸின் பெல்ஃபௌன்டன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

● அடக்கத்துக்குப் பிறகும் மாதக்கணக்கில் அவர் குரல் நாள்தோறும் ஒலித்தது. பழைய ஒலிப்பதிவுகளை, மாற்றுத் தொகுப்பாளர்களின் முன்னுரையோடு, அதே நேரத்தில் போட்டார்கள். 2021 ஜூன் 21 அன்று கிளே டிராவிஸ், பக் செக்ஸ்டன் என்ற இருவர் அந்த இடத்துக்கு வந்தார்கள். அதற்கு முந்தைய மாதமே போட்டி நிறுவனமொன்று டான் பொஞ்சினோவை அதே மதிய நேரத்தில் உட்கார வைத்திருந்தது. அந்த மூன்று மணிநேரம் காலியாகவே இல்லை.

● 'என் அப்பாவை மூளைச்சலவை செய்த கதை' என்ற பொருள்படும் ஆவணப்படத்தை எடுத்தவர் ஜென் சென்கோ. அவருடைய அப்பா சண்டை சச்சரவு இல்லாத, யாரிடமும் நன்றாகப் பழகும் மனிதர். வேலை மாறி, தனியாக நெடுந்தூரம் காரோட்டிப் போக வேண்டிவந்தபோது வானொலிப் பேச்சைக் கேட்கத் தொடங்கினார். பிறகு லிம்பா. வீட்டிலும் சமையலறையில், மதியச் சாப்பாட்டோடு மூன்று மணிநேரம். மெல்ல மெல்ல எப்போதும் கோபமாக இருப்பவரானார்; வீட்டில் இருப்பவர்களுக்கே அவரோடு பேச முடியாமல் போனது. லிம்பா எதை விட்டுச்சென்றார் என்று கேட்பவர்களுக்குப் பதக்கத்தையும் சிலையையும் காட்டுவதைவிட இந்தச் சமையலறையைத்தான் காட்டுவேன். இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம் என்பது, சென்கோவுக்கு எழுதியவர்களின் கதைகளிலிருந்து தெரிந்தது.

பிறகு ஒரு நாள் அப்பாவின் வானொலி பழுதானது. புதிது வாங்கவில்லை. வந்து குவிந்த அரசியல் மின்னஞ்சல்களை அம்மா சந்தா நீக்கி ஒவ்வொன்றாக நிறுத்தினார். நாளடைவில் அந்த வீட்டில் மதியச் சாப்பாட்டின்போது அப்பாவும் அம்மாவும் மறுபடி பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள்.